எழுத்தாணி நின்ற இடம்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் சிற்றூர், கல்வியைப் பற்றிச் சிந்திப்போர் இரண்டு காரணங்களுக்காக நினைவில் கொள்ள வேண்டிய ஊராகும். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, இங்கு எழுந்த சிவன் கோயிலின் பொருட்டு அளித்த கொடையை 25 பங்குகளாகப் பிரிக்கையில், வழிபாட்டுக்கும் மண்டபத்துக்கு நீரும் நெருப்பும் தருவதற்கும் பங்குகள் ஒதுக்கியதோடு, அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கைத் தனியே வைத்தது. கூடியிருப்போர் கேட்கும்படி ஒரு நூலை வாசிக்கும் பணியை, தண்ணீருக்கும் விளக்குக்கும் பக்கத்தில் வைத்து எண்ணிய காலம் அது. மற்றொரு காரணம், வைணவ உலகம் கூரத்தாழ்வான் என்று போற்றும் ஸ்ரீவத்சாங்கர் பிறந்த ஊர் இது என்பதாகும். இராமாநுசரின் முதன்மைச் சீடர்களுள் ஒருவரான அவருக்கு, கூரத்து ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் சன்னதி உண்டு.

இந்தச் சீடரையும் அவருடைய ஆசிரியரையும் பற்றிக் குருபரம்பரை நூல்கள் கூறும் செய்தி ஒன்று, கற்பித்தல் தொழிலில் உள்ள எவரும் ஆழ்ந்து எண்ணிப் பார்க்கத் தக்கது. பிரம்ம சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் என்னும் விரிவுரையை இராமாநுசர் சொல்லச் சொல்ல ஆழ்வான் ஓலையில் எழுதி வந்தார். தாம் சொல்லும் கருத்து பொருந்தாது என்று தோன்றினால் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை, எழுதுவதை நிறுத்திவிட்டால் போதும் என்பது பணி தொடங்குவதற்கு முன்பே இருவருக்கும் இடையே ஏற்பட்டிருந்த ஏற்பாடு. ஆன்மாவின் இயல்பை விளக்க வந்த இடத்தில், அறியும் தன்மை உடையது என்ற அளவில் இராமாநுசர் இலக்கணம் கூறி, அது இறைவனுக்கே உரியது என்ற பகுதியைக் கூறாமல் விட்டபோது ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. ஆசிரியருக்குச் சினம் வந்தது, பணியும் தடைப்பட்டது. பிறகு தனித்திருந்து எண்ணிப் பார்த்து, சீடர் நின்ற இடமே சரியான இடம் என்று உணர்ந்த இராமாநுசர், தம் விளக்கத்தைத் திருத்திச் சொல்ல, எழுத்து தொடர்ந்தது என்பது மரபு.

இச்செய்தியில் ஆசிரியரின் அடக்கமே பெரும்பாலும் புகழப்படுகிறது. ஆயினும் அதைவிட முக்கியமானது அந்த முன்னேற்பாடு. அறிவில் மிக உயர்ந்தவராகக் கருதப்பட்ட ஆசிரியருக்கும் அந்தக் கணத்தில் கோபம் வரத்தான் செய்தது. கோபம் தணிந்த பின்னர் அவர் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருந்ததற்குக் காரணம், அமைதியான வேளையில் அவரே தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. கற்பித்தல் கொள்கை என்று கல்வியியலார் குறிப்பிடுவதன் உட்கருத்தும் இதுவே எனலாம். மாணவர் எவ்வாறு கற்கிறார், ஆசிரியர் எதற்காகக் கற்பிக்கிறார், அதனால் வகுப்பில் எதைச் செய்வார், எதை ஒருபோதும் செய்யார் என்பனவற்றைப் பற்றி ஒருவர் தெளிந்த மனத்தோடு தமக்கென வகுத்துக்கொண்ட நிலைப்பாடே கற்பித்தல் கொள்கை. களைப்பும் எரிச்சலும் மேலிடும் பிற்பகல் வேளையில் அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதும் அதுவே.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிப்போரிடம் இத்தகைய நிலைப்பாட்டை ஒன்றிரண்டு பக்கங்களில் எழுதித் தரும்படி கேட்பது வழக்கம். அதற்கு மிக முற்பட்டதாக, ஜான் டூயி என்னும் கல்விச் சிந்தனையாளர் 1897இல் தம் கல்வி நம்பிக்கைகளை ஒரு சிறு வெளியீடாக எழுதி, பள்ளி என்பது பிற்கால வாழ்க்கைக்கு ஆயத்தம் செய்யும் இடமாக மட்டும் இருத்தல் கூடாது, அதுவே குழந்தை வாழும் வாழ்க்கையாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்தை அதில் வலியுறுத்தினார். தமிழ்நாட்டில் பி.எட். பயில்வோர் டூயியைப் பற்றியும் தாகூரைப் பற்றியும் படிக்கிறார்கள். கருத்துக்கொள்கை, இயற்கைக்கொள்கை, பயனளவைக்கொள்கை என்று பிரித்து ஒவ்வொன்றின் கல்வி நோக்கத்தையும் கற்பிக்கும் முறையையும் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் இவற்றுள் எதை நீங்கள் ஏற்கிறீர்கள், ஏற்றால் நாளைக் காலை முதல் பாடவேளையில் அது எப்படி வெளிப்படும் என்ற கேள்வியை அவர்களிடம் கேட்பார் இலர். பணியில் சேர்ந்த பின்னர் பாடக்குறிப்பு எழுதுகிறார்கள், தலைமையாசிரியர் கையொப்பமிடுகிறார், வட்டாரக் கல்வி அலுவலர் பார்வையிடுகிறார். அன்றைய பாடத்தின் நோக்கம் அதில் இருக்கும், ஆசிரியரின் நோக்கம் எங்கும் எழுதப்பட்டிருக்காது. பயிற்சியில் உள்ள பெருங்குறை இது என்று துணிந்து சொல்லலாம்.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் விளக்கும் இலக்கண நூலாக இருந்தும், அதன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் யார், யார் ஆசிரியர் ஆகார், பாடம் சொல்லும் முறை எது, மாணவர் எத்தகையவர், பாடம் கேட்கும் முறை எது என்று ஒவ்வொன்றையும் எடுத்துப் பேசுகிறது. காலமும் இடமும் அறிந்து, சொல்லப்போகும் பொருளை முதலில் தம் உள்ளத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டு, விரையாமலும் வெகுளாமலும், விருப்பத்தோடும் முகமலர்ச்சியோடும், கேட்பவன் எந்த அளவு கொள்வான் என்பதை அறிந்து கற்பிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அந்நூலில் வியப்பளிக்கும் கணக்கு ஒன்றும் உண்டு. ஆசிரியர் சொன்னதை மாணவர் எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் அதனால் கிடைப்பது புலமையில் கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய பாதி, தாம் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் நிறைவுறும். இக்கணக்கை ஓர் ஆசிரியர் உண்மையாக நம்புவாரானால், 40 நிமிடப் பாடவேளையில் அவர் பேசும் நேரம் 10 நிமிடத்தைத் தாண்டலாகாது என்ற முடிவுக்கு வந்தாக வேண்டும். நம்பிக்கை நடைமுறையாக மாறும் இடம் இதுதான்.

நன்னூலுக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில் இதே கருத்து ஊராட்சிச் சட்டமாகவே நடைமுறையில் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரிய உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கான தகுதிகளைக் கூறுகின்றன. நிலம், சொந்த மனையில் வீடு, வயது ஆகியவற்றோடு வேதக் கல்வியும் வேண்டும். அக்கல்வியும் பிறர்க்கு ஓதுவித்து அறிந்ததாக இருத்தல் வேண்டும். வேண்டிய அளவு நிலம் இல்லாமல் அரைக்கால் வேலி மட்டும் உடையவரும், ஒரு வேதத்தையும் பாஷ்யம் ஒன்றையும் விளக்கிச் சொல்ல வல்லவராயின் தகுதி பெற்றார். நிலக் குறைவை ஈடுசெய்யும் அளவுக்குக் கற்பிக்கும் ஆற்றல் மதிப்புப் பெற்றிருந்தது. இந்த ஏற்பாடு முழுவதும் பிரம்மதேய ஊர் ஒன்றில், ஒரு சாதியின் ஆண்களுக்குள் மட்டுமே நிகழ்ந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அவ்வூர்ப் பெண்களும், வயலில் உழைத்தோரும் அந்த ஓதுவிக்கும் வட்டத்துக்கு வெளியே நின்றார்கள்.

மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் வழக்கம் திண்ணைப் பள்ளிகளிலும் சட்டாம்பிள்ளை என்ற பெயரில் தொடர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தி, மூத்த மாணவரைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கச் செய்தார். 1797இல் இதை அவர் லண்டனில் நூலாக வெளியிட்டதைத் தொடர்ந்து, மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. பரவிய விதம்தான் வருந்தத்தக்கது. கற்பிப்பவன் கற்கிறான் என்ற கருத்து பின்னே தள்ளப்பட்டு, ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற சிக்கனக் கணக்கு முன்னே வந்தது. பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்று கட்டளைக்கு ஏற்ப ஒப்பித்தார்கள். முறை ஒன்றே, அதன் பின்னிருந்த எண்ணம் மாறியதும் வகுப்பின் தன்மையே மாறிவிட்டது.

பழைய நூல்களை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் இடர் உண்டு. நன்னூல் யாருக்குப் பாடம் சொல்லலாகாது என்றும் ஒரு பட்டியல் தருகிறது. சோம்பேறி, நோயாளி, சினம் உடையவன், தூங்குபவன், மந்த புத்திக்காரன், பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறுபவன் ஆகியோர் அதில் இடம்பெறுகிறார்கள். தேடி வந்த சிலருக்கு விரும்பிக் கற்பித்த காலத்து ஆசிரியருக்கு அந்தத் தேர்வுரிமை இருந்தது. கூரத்திலோ உத்திரமேரூர் வட்டாரத்திலோ உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆசிரியருக்கு அது இல்லை, இருக்கவும் கூடாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறிய பின்னர், நன்னூல் விலக்கிய பிள்ளைகளும் முன் வரிசையில் உட்கார உரிமை பெற்றவர்கள். புத்தகத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்காகவே தொடக்கப் பள்ளி இருக்கிறது என்று நம்புவது, இன்றைய ஆசிரியர் பவணந்தியோடு மாறுபட வேண்டிய இடமாகும். அந்த மாறுபாட்டை அவர் தெளிவாகத் தமக்குள் சொல்லிக்கொள்ளாவிட்டால், எட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய விலக்குப் பட்டியல் இவனுக்குப் படிப்பு ஏறாது என்ற அன்றாடப் பேச்சாக ஆசிரியர் அறையில் தொடர்ந்து உலவிக்கொண்டிருக்கும்.

அப்பட்டியலில் உள்ள தூங்கும் மாணவனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். காலை பதினோரு மணிக்கு மேசையில் தலை சாய்ந்திருக்கும் பிள்ளையைக் காணும் ஆசிரியர், அதைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்ளலாம். வீட்டின் நிலையைக் கூறும் செய்தியாகவும் கொள்ளலாம். ஷிப்டு வேலைக்காகத் தாயும் தந்தையும் விடியுமுன்பே கம்பெனிப் பேருந்து ஏறிவிட்ட வீட்டில், தம்பிக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்த சிறுமி அவள் என்று தெரிய வந்தால் திட்டுவதற்கு நாக்கு எழாது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலின் கோயிலில் உள்ள 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வீரராசேந்திர சோழன் காலத்தில் அங்கு நடந்த கல்விச்சாலையையும் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையையும் பற்றிப் பேசுகையில், மாணவருக்கு உணவோடு படுக்கப் பாயும் இரவுக்கு விளக்கும் சனிக்கிழமைகளில் தலைக்கு எண்ணெயும் ஒதுக்கியதைக் கூறுகிறது. படிக்கும் பிள்ளைக்கு உடல் உண்டு என்பதை அறிந்த நிர்வாகம் அது. 2022இல் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், கோயிலுக்குள் ஒரு சிலருக்கு இருந்த அந்த ஏற்பாட்டை ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் உரியதாக்கியிருக்கிறது. ஆனால் அரசு உணவு தர முடியும். தூங்கும் பிள்ளையைப் பார்க்கும் பார்வையை ஆசிரியர்தான் தர வேண்டும்.

அரசின் கற்பித்தல் திட்டங்களுக்கும் இது பொருந்தும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007ஐ ஒட்டி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறை, ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைத் தழுவியது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப்படி எனப்பட்ட வரிசையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறிச் சென்றது. சுவரின் அடிப்பகுதியில், தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் பூசப்பட்டன. ஆசிரியரும் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்தார். அந்தத் தாழ்ந்த கரும்பலகை ஒரு கொள்கையின் வெளிப்பாடு: எழுதும் உரிமை ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று என்று அது சொன்னது. அதைப் புரிந்துகொண்ட ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகள் பலகை நிறைய எழுதினார்கள். புரிந்துகொள்ளாத இடத்தில் அட்டைகள் வரிசை எண் கலையாமல் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அவர்களின் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. அரும்பு என்பது இன்றைய நிலையைக் காட்டும் பெயர் என்று கருதும் ஆசிரியர் மாதந்தோறும் பிள்ளைகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். அது பிள்ளையின் தரத்தைக் காட்டும் முத்திரை என்று கருதுபவரின் வகுப்பில் அரும்பு ஆண்டு முழுவதும் அரும்பாகவே இருக்கும். இரண்டு வகுப்புகளுக்கும் வழங்கப்பட்ட பயிற்சி நூல் ஒன்றுதான்.

இத்தகைய கொள்கையை ஒருவர் எவ்வாறு உருவாக்கிக்கொள்வது என்பதே நடைமுறைக் கேள்வி. மேற்கோள்களைத் திரட்டித் தொகுப்பதால் அது கைகூடாது. தம் வகுப்பில் அடிக்கடி நிகழும் ஒரு சிறு நிகழ்வை எடுத்துக்கொண்டு, அதில் தாம் இயல்பாக என்ன செய்கிறோம் என்று பார்ப்பதே நல்ல தொடக்கம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது. சிவப்பு மையால் தவறு போட்டு 25 என்று திருத்திக் கொடுப்பதற்கு ஒரு நொடி போதும். எப்படிச் செய்தாய் என்று கேட்டால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்தால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டைக் கழித்தால் மூன்று என்று பிள்ளை சொல்லும். அதற்குக் கழித்தல் தெரியும். பெரியதிலிருந்தே சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு கற்ற விதியையும் விசுவாசமாகப் பின்பற்றியிருக்கிறது. மேலே உள்ள எண்ணிலிருந்து கீழே உள்ளதை எடுக்கிறோம் என்பதும், ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்கலாம் என்பதும்தான் தெரியவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டுகளில் ஒன்றை அவிழ்க்கச் செய்தால் பிள்ளைக்கு அது விளங்கிவிடும். தவறான விடைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது என்று ஓர் ஆசிரியர் நம்பத் தொடங்கியதும், காரணத்தைக் கேட்காமல் திருத்துவதில்லை என்ற விதி தானாகவே பிறக்கிறது. அவருடைய கொள்கையின் முதல் வரி எழுதப்பட்டுவிட்டது.

இரண்டாம் வரி முதல் வரியோடு மோதுவதும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஆகவே சிற்றூர்களில் ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்து நடத்துவது பொதுவான நிலை. ஒவ்வொரு தவறுக்கும் காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் மற்ற இரண்டு வகுப்புகள் சும்மா இருக்கும். இங்குதான் நன்னூலின் கணக்கு உதவிக்கு வருகிறது: ஐந்தாம் வகுப்புச் சிறுமி மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் எப்படிச் செய்தாய் என்று கேட்கக் கற்றுக்கொண்டால், இருவருக்கும் பயன் உண்டு. ஆயினும் அவளுக்கு அது கற்றலாக இருக்கும் வரையில்தான் இது நியாயம். ஆசிரியர் பற்றாக்குறையை அவள் தலையில் சுமத்துவதாக மாறினால் பெல் முறைக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேரும். அந்த எல்லை எங்கே என்பதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்ல முடியாது; அந்த ஆசிரியர் மட்டுமே தீர்மானிக்கக்கூடியது அது.

ஆசிரியர் தம் கொள்கையை எழுதி வைக்கும் பக்கத்தில், செய்ய மாட்டேன் என்ற பகுதியும் இடம்பெற வேண்டும். உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பிரம்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் ஒரு பிள்ளையின் வீட்டுத் தொழிலையோ தெருவையோ சுட்டிப் பேசும் வழக்கம் அவ்வளவு எளிதில் மறையவில்லை. சட்டத்துக்கு அஞ்சி விலகுபவர் யாரும் பார்க்காத நேரத்தில் தவறக்கூடும். அவமானப்பட்ட மனத்தில் பாடம் இறங்காது என்று தம் அனுபவத்தால் அறிந்து, அதைத் தம் கையால் எழுதி வைத்தவருக்குக் கண்காணிப்பு வேண்டியதில்லை.

இவ்வாறு எழுதிய பக்கம் ஒருமுறை எழுதி மூடி வைப்பதற்குரியதும் அன்று. ஆண்டு இறுதியில் அதை எடுத்து, எந்த வரியின்படி உண்மையில் நடந்தோம், எது வெறும் எழுத்தாக நின்றது என்று பார்த்து, அடித்தும் சேர்த்தும் திருத்த வேண்டும். தனியாகச் செய்வதைவிடச் சக ஆசிரியர்களோடு சேர்ந்து செய்தால் பயன் மிகும். அதற்கான இடமும் ஏற்கெனவே உள்ளது. அண்டைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் குறுவள மையத்தில் கூடும் கூட்டங்களில், புதிய திட்டத்துக்கான விளக்கமும் பதிவேடுகள் பற்றிய அறிவுறுத்தலும் கல்வி மேலாண்மைத் தகவல் முறையில் செய்ய வேண்டிய பதிவுகளும் நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுள் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஒருவர் தம் பக்கத்தைப் படிக்க, மற்றவர்கள் அவருடைய வகுப்பில் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுதியதும் நடப்பதும் எங்கே பிரிகின்றன என்று சொல்வதற்கு அரசாணை எதுவும் தேவைப்படாது. இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்டால் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.